தூக்கத்தை விலைக்கு வாங்கும் சிப்பாய்கள்

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய சிப்பாய் கஞ்சா புகைக்கலாமா, கூடாதா? புகைத்தால் அவனுடைய மனநோய் தணியுமா, முற்றுமா? டாக்டர்கள் ஒரு பக்கம் பேசுகிறார்கள். போலீஸ் அதிகாரிகள் இன்னொரு பக்கம் பேசுகிறார்கள். கஞ்சாக் கம்பெனிகளின் விளம்பரங்கள் மூன்றாவது பக்கம் முழங்குகின்றன. 1970-ம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து, வைத்தியத்துக்கு உதவாத கொடிய போதைப் பொருள் என்று முதல் பட்டியலில் வைத்தது. அதைக் கீழிறக்கி மூன்றாவது பட்டியலில் சேர்க்கலாம் என்று 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதி இலாகா யோசனை வெளியிட்டது. அந்தக் காரியத்தை விரைந்து முடிக்கும்படி 2025 டிசம்பரில் ஜனாதிபதி டிரம்ப் உத்தரவிட்டார்.

இத்தனை சத்தத்துக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் அமுங்கிப் போகிறது. அந்தச் சிப்பாய் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறானா? பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிடுகிறானா? இரவில் கண்ணை மூடுகிறானா? மருந்து என்று எதைக் கொடுத்தாலும் இந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும் என்பது நமது கருத்து.

'கடல் கடந்த நாட்டுச் சிப்பாய் கஞ்சா குடித்தால் நமக்கென்ன?' என்று ஆலையிலும் வயலிலும் பாடுபடும் தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சிப்பாய் யார்? வியட்நாம் யுத்தத்தின்போது அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. பட்டறையிலும் பண்ணையிலும் கூலிக்கு நின்றவன் போய்ச் சேர வேண்டியதாயிற்று. கட்டாயச் சேவை 1973-ல் நின்றது. அதற்குப் பிறகு சம்பளம், படிப்புச் செலவு, வைத்திய வசதி என்று ஆசை காட்டி ஆள் சேர்க்கிறார்கள். தறியில் விரல் போன தொழிலாளியை நிர்வாகம் எப்படி நடத்தும் என்று நமக்குத் தெரியும். யுத்தத்தில் மனம் பழுதானவனை ஒரு பணக்கார சர்க்கார் எப்படி நடத்துகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நோய், பல பெயர்கள்

முதல் உலக யுத்தத்தில் பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்கள் பலர் பேச்சிழந்தார்கள். கை கால் நடுங்கின. உடம்பில் காயம் இல்லை. 'குண்டு அதிர்ச்சி' என்று டாக்டர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். ராணுவக் கோர்ட்டுகளோ கோழைத்தனம் என்றும் ஓடிப்போன குற்றம் என்றும் பெயரிட்டன. இப்படிப்பட்ட குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006-ல்தான் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பு அளித்தது. அவர்களில் பலர் நோயாளிகளாக இருந்திருக்க வேண்டும் என்பது ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொள்ளப்பட்டது. செத்தவனுக்கு மன்னிப்பு!

இரண்டாம் உலக யுத்தத்தில் 1943 ஆகஸ்டில், சிசிலித் தீவில் அமெரிக்கத் தளபதி பாட்டன் ராணுவ ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட்டார். 'எனக்கு நரம்பு தாங்கவில்லை' என்று படுத்திருந்த இரண்டு சிப்பாய்களை அவர் கன்னத்தில் அறைந்தார். அன்றைய தளபதிகளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

வியட்நாம் யுத்தத்துக்குப் பிறகு 1980-ல்தான் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் என்று தமிழில் சொல்லலாம். பி.டி.எஸ்.டி. என்பது அதன் சுருக்கப் பெயர்.

இந்த நோய் என்ன செய்கிறது? பார்த்த கோரம் கண்ணை விட்டு அகலுவதில்லை. பகலில் நினைவாக வருகிறது, இரவில் கனவாக வருகிறது. தெருவில் டயர் வெடித்தால் ஆள் தரையில் விழுந்து படுக்கிறான். கூட்டத்தில் நிற்க முடிவதில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, கதவைப் பார்த்தபடிதான் உட்காருகிறான். சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் வருகிறது. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டிய இடத்தில் மனம் மரத்துக் கிடக்கிறது. யுத்தத்தை நினைவூட்டும் பேச்சு, இடம், மனிதர் எல்லாவற்றையும் விட்டு விலகி விலகி, கடைசியில் வீட்டில் ஓர் அறைக்குள் அவன் உலகம் சுருங்கிவிடுகிறது.

எத்தனை பேருக்கு இந்தக் கதி? அமெரிக்கக் காங்கிரசின் உத்தரவுப்படி 1980-களில் ஒரு பெரிய விசாரணை நடந்தது. வியட்நாமில் பணிபுரிந்த ஆண்களில் 100-க்கு 15 பேர் அப்போதும் இந்த நோயோடு இருந்தார்கள். யுத்தம் முடிந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இந்த நிலை! வாழ்நாளில் ஏதோ ஒரு சமயத்தில் நோய் கண்டவர்கள் 100-க்கு 30 பேர். இராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களுக்குப் போனவர்களிலும் 100-க்கு 29 பேர் என்று முன்னாள் படைவீரர் நல இலாகாவே கணக்குச் சொல்கிறது. 2022-ம் ஆண்டில் தற்கொலை செய்துகொண்ட முன்னாள் சிப்பாய்கள் 6,407 பேர். நாளுக்கு 17 பேருக்கு மேல். அத்தனை பேருக்கும் காரணம் இந்த நோய்தான் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்துவிட்டால் யுத்தம் முடிந்தது என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

அந்தக் குண்டுகள் யார் மீது விழுந்தனவோ, அவர்களையும் மறந்துவிட முடியாது. யுத்தத்தில் சுமார் 30 லட்சம் வியட்நாம் மக்கள் மாண்டதாக 1995-ல் அந்நாட்டு அரசு கூறியது. அங்கே பிழைத்தவர்களின் தூக்கத்தை எண்ணிச் சொல்ல எந்தக் காங்கிரசும் விசாரணை வைக்கவில்லை.

கடன் வாங்கிய தூக்கம்

சிப்பாய் ஏன் கஞ்சாவைத் தொடுகிறான்? நாள் முழுதும் மாடாய் உழைத்தவன் மாலையில் ஏன் மதுக்கடைப் பக்கம் போகிறான் என்று தெரிந்த நமக்கு இது புரியாத விஷயமல்ல. பெரும்பாலான சிப்பாய்கள் சொல்லும் காரணம் தூக்கம்தான். தூங்கப் பயப்படுகிறவனுக்கு ஓர் இரவுத் தூக்கம் என்பது சின்ன விஷயமா? அமெரிக்கன் லீஜன் என்பது அந்த நாட்டு முன்னாள் படைவீரர்களின் மிகப் பெரிய சங்கம். பழைமைவாதிகளின் சங்கம் என்று பெயரெடுத்தது. அந்தச் சங்கமே 2017-ல் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. ஏதாவதொரு நோய்க்காகக் கஞ்சா பயன்படுத்துவதாக 100-க்கு 22 பேர் சொன்னார்கள். இதைப் பற்றி ஆராய்ச்சி நடத்த வேண்டும் என்று 100-க்கு 92 பேர் சொன்னார்கள்.

கஞ்சாவில் போதை தரும் சத்துக்கு டி.எச்.சி. என்று பெயர். அது உறக்கத்தை வரவழைக்கிறது. கனவு காணும் உறக்கத்தைக் குறைக்கிறது. கனவு குறைந்தால் கெட்ட கனவும் குறையும். டி.எச்.சி.யைப் போலவே செய்யப்பட்ட நாபிலோன் என்ற மாத்திரையைக் கனடா நாட்டு ராணுவத்தினர் 10 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்ட கனவுகள் குறைந்தன என்று 2015-ல் வெளியான அந்தச் சிறு ஆராய்ச்சி கூறியது. ஆகவே 'எனக்குத் தூக்கம் வருகிறது' என்று சொல்லும் சிப்பாயைப் பொய்யன் என்று ஏசுகிறவர்களோடு நாம் சேர முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. உடம்பு எதற்கும் பழகிவிடும். நேற்று ஒரு இழுப்பில் வந்த தூக்கம் நாளை மூன்று இழுப்பு கேட்கும். நிறுத்தினாலோ, அடக்கி வைத்திருந்த கனவுகள் அணை உடைந்த வெள்ளமாக வரும். எரிச்சலும் தூக்கமின்மையும் ஒன்றிரண்டு வாரங்கள் ஆளை வாட்டும். 'பார்த்தாயா, புகைக்காவிட்டால் நோய் திரும்பி வருகிறது' என்று அவன் மறுபடி பற்ற வைக்கிறான். திரும்பி வந்தது பழைய நோயா, புகை விட்டுப்போன சுமையா என்று அவனுக்கே தெரிவதில்லை. கந்து வட்டிக்காரனிடம் கடன் வாங்கிய கதைதான் இது. பணம் கைக்கு வந்தது உண்மை. வட்டி ஏறுவதும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. டி.எச்.சி. சிறு அளவில் பயத்தைத் தணிக்கும். பெரிய அளவில் பயத்தைக் கிளப்பும். அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றிய கஞ்சாவில் 1995-ல் நூற்றுக்கு 4 பங்கு இருந்த டி.எச்.சி. 2014-ல் ஏறக்குறைய 12 பங்காக உயர்ந்துவிட்டது. இப்போது கடைகளில் விற்கும் சரக்கு அதையும் தாண்டுகிறது. வியட்நாம் காலத்துக் கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் பெயரில்தான் ஒன்று.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, 1992 முதல் 2011 வரை படைவீரர் நல இலாகாவின் விசேஷ சிகிச்சைக்கு வந்த 2,276 பேரின் குறிப்புகளைப் பார்த்தது. சிகிச்சைக்குப் பிறகு கஞ்சாவைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நோயும் மூர்க்கமும் அதிகமாக இருந்தன. தொடாதவர்களுக்கும் விட்டவர்களுக்கும் குறைவாக இருந்தன. 'பார்த்தீர்களா!' என்று கஞ்சா விரோதிகள் கொண்டாடினார்கள். அவசரப்பட வேண்டாம். கம்பு ஊன்றி நடப்பவன் நொண்டுகிறான் என்பதால், கம்புதான் அவனை நொண்டியாக்கிற்று என்று சொல்வார்களா? நோய் முற்றியவன்தான் கஞ்சாவைத் தேடிப் போனானோ, யார் கண்டது?

2020-ல் கொலராடோவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. இந்த நோயுள்ள 150 பேரை ஓராண்டு கவனித்தார்கள். கடையில் கஞ்சா வாங்கிப் பயன்படுத்தியவர்களில், நோய் இல்லை என்று சொல்லும் நிலைக்கு வந்தவர்கள் மற்றவர்களைப்போல் இரண்டரை மடங்கு இருந்தார்கள். இப்போது கஞ்சாக் கட்சி கொண்டாடியது. இதிலும் அதே குறைதான். யார் புகைப்பது, யார் புகைக்காமல் இருப்பது என்று அவரவரே தீர்மானித்தார்கள். இரண்டு கூட்டமும் முதலிலேயே ஒரே நிலையில் இருந்தன என்று யார் சொல்ல முடியும்?

சரியான பரீட்சை எது? சீட்டுக் குலுக்கி ஒருவனுக்கு மருந்தும் இன்னொருவனுக்குச் சத்து நீக்கிய வெறும் இலையும் கொடுக்க வேண்டும். எது யாருக்கு என்று யாருக்கும் தெரியக்கூடாது. அப்படிப்பட்ட பரீட்சைக்கு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2011-ல் அனுமதி கொடுத்தது. முடிவு வெளியானது 2021-ல்! நடுவில் பத்து ஆண்டுகள் எங்கே போயின? ஆராய்ச்சிக்குச் சட்டப்படி கஞ்சா பயிரிட நாடு முழுவதற்கும் ஒரே ஒரு இடத்துக்குத்தான், மிசிசிபி பல்கலைக்கழகத்துக்குத்தான், 1968 முதல் 2021 வரை உரிமை இருந்தது. கோப்புகள் இலாகாவுக்கு இலாகா நகர்ந்தன. 2014-ல் அரிஜோனா பல்கலைக்கழகம், இந்த ஆராய்ச்சியை ஏற்றிருந்த டாக்டர் சூ சிஸ்லியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது. அவர் வெளியே போய் வேலையைத் தொடர்ந்தார். கொலராடோ மாகாணம் 21 லட்சம் டாலர் கொடுத்து உதவியது.

முடிவு என்ன? 80 பேர் மூன்று வாரம் புகைத்தார்கள். டி.எச்.சி. மிகுந்த கஞ்சா, போதையில்லாத சி.பி.டி. மிகுந்த கஞ்சா, இரண்டும் கலந்தது, வெறும் இலை என்று நான்கு வகை. நான்கு கூட்டத்துக்கும் நோய் குறைந்தது. வெறும் இலை புகைத்தவர்களுக்கும் குறைந்தது! கஞ்சா வெறும் இலையை விடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை.

நோயாளி ஒருவனை உட்கார வைத்து, ஒழுங்காக விசாரித்து, வாரம் தவறாமல் 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்டாலே பாதிப் பாரம் இறங்குகிறது என்பதைத்தான் இது காட்டுகிறது என்று நாம் கருதுகிறோம். அந்தச் சிப்பாய்களை அதற்கு முன் எத்தனை பேர் அப்படிக் கேட்டிருப்பார்கள்?

சிறு பரீட்சை, மூன்று வாரம்தான். இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 320 சிப்பாய்களை வைத்து இன்னும் பெரிய பரீட்சை நடத்த 2024 நவம்பரில் அனுமதி கிடைத்தது. மிச்சிகன் மாகாணம் கஞ்சா வரிப் பணத்திலிருந்து அதற்கு உதவுகிறது. அதற்கிடையில், 2023-ல் படைவீரர் நல இலாகாவும் ராணுவ இலாகாவும் சேர்ந்து வெளியிட்ட வைத்திய விதிகள், இந்த நோய்க்குக் கஞ்சா கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கின்றன. இன்றுள்ள சாட்சியத்தை வைத்துப் பார்த்தால் அதை நாம் குறை சொல்ல முடியாது.

காலையில் வேலைக்குப் போனால் தெரியும்

ஒரு லாரி டிரைவரை நினைத்துப் பாருங்கள். இராக்கில் ராணுவ லாரி ஓட்டியவன். ஊருக்கு வந்து அதே தொழிலைச் செய்கிறான். அவன் வசிக்கும் மாகாணத்தில் கஞ்சா வைத்தியத்துக்கு அனுமதி உண்டு. பி.டி.எஸ்.டி.க்குக் கஞ்சா அனுமதித்த முதல் மாகாணம் நியூ மெக்சிகோ, அது 2009-ல். நம் டிரைவர் சனிக்கிழமை இரவு சட்டப்படி புகைத்துவிட்டுத் தூங்குகிறான். அடுத்த வாரம் கம்பெனியில் சிறுநீர்ப் பரிசோதனை. 1991-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி லாரி, பஸ், ரயில் ஓட்டுபவர்களுக்கு அது கட்டாயம். தினம் புகைப்பவனின் சிறுநீரில் கஞ்சாவின் அடையாளம் வாரக்கணக்கில் தங்கும். அவன் வேலையில் போதையோடு இருந்தானா என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. மாகாணத்து டாக்டரின் சீட்டைக் காட்டினாலும் மத்திய விதி ஏற்காது. வண்டியை விட்டு இறங்க வேண்டியதுதான்!

ரோட்டில் போகிறவர்களின் உயிர் முக்கியம்தான். போதையில் வண்டி ஓட்ட யாரும் அனுமதிக்கக் கூடாது. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இரவில் கெட்ட கனவுக்குப் பயந்து புகைத்தவனைப் பகலில் வேலையிலிருந்து நீக்குவது என்ன வைத்தியம்? வேலை போனால் அவன் நோய் குறையுமா? வாடகை பாக்கி, வீட்டில் சண்டை, வெறும் பகல்கள். மறுபடி புகை. 1998-ம் ஆண்டுச் சட்டப்படி மத்திய சர்க்கார் உதவி பெறும் வீடுகளில் புதிதாகக் குடியேற மனுச் செய்பவன், கஞ்சா புகைப்பவன் என்று தெரிந்தால் அந்தக் கதவும் மூடுகிறது.

கஞ்சாவும் தன் பங்குக்கு அவன் காலை வாருகிறது. தினம் நிறையப் புகைப்பவனுக்கு நினைவும் கவனமும் மந்தமாகின்றன. சொன்ன வேலை மறக்கிறது. மிஷின் முன்னால் நிற்பவனுக்குக் கவனம் சிதறினால் என்ன ஆகும் என்று ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களை விட்டு விலகும் நோய்க்காரனுக்கு, அறைக்குள் தனியாக இருக்க இன்னும் ஒரு காரணத்தைப் புகை கொடுக்கிறது.

இந்த நோய்க்கு வேறு சிகிச்சை இல்லையா? இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் விஷத்தை இறக்கும் சிகிச்சை. வாரம் ஒரு முறை வீதம் ஏறக்குறைய மூன்று மாதம். பலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் அதற்கு வேலை நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுத்தே தீரவேண்டும் என்று பொதுவாகத் தனியார் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. உலகத்துக்கே பணக்கார நாடு! மணிக்கூலிக்கு வேலை பார்ப்பவன் சிகிச்சைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. கிராமத்தில் இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி பல மைலுக்கு அப்பால். கஞ்சாக் கடையோ தெரு முனையில்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2011 முதல் 2015 வரை 'நடத்தை சரியில்லை' என்று அமெரிக்க ராணுவம் வெளியேற்றியவர்கள் 91,764 பேர். இவர்களில் 57,141 பேர், அதாவது 100-க்கு 62 பேர், வெளியேற்றத்துக்கு முந்திய இரண்டாண்டுக்குள் பி.டி.எஸ்.டி., தலைக்காயம் அல்லது அவை போன்ற மனநோய் இருப்பதாக ராணுவ டாக்டர்களே எழுதி வைத்த நோயாளிகள்! சர்க்காரின் தணிக்கை இலாகா 2017-ல் இதை வெளியிட்டது. நோயாளிகளான அவர்களில் 13,283 பேருக்கு, படைவீரர் ஆஸ்பத்திரியின் கதவே மூடிவிடக்கூடிய கறுப்புச் சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். நோய் தந்த இடமே நோயைக் குற்றமென்று எழுதியது. 1943-ல் தளபதியின் கை செய்த வேலையை இப்போது காகிதம் செய்கிறது.

கடை விரித்தவர்கள்

ஒரு பக்கம் சர்க்கார் தண்டிக்கிறது. மறுபக்கம் முதலாளிகள் கடை விரித்திருக்கிறார்கள். கரோனா பீர் விற்கும் கான்ஸ்டலேஷன் கம்பெனி 2018 ஆகஸ்டில் ஒரு கனடா கஞ்சாக் கம்பெனியில் 400 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு கஞ்சாக் கம்பெனியில் 180 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. சாராயமும் சிகரெட்டும் விற்றவர்களுக்குத் திடீரென்று நோயாளி மேல் கருணை பிறந்துவிட்டதா? தினம் வாங்கும் வாடிக்கைக்காரன்தான் அவர்களுக்கு வேண்டும். நோய் குணமாகிப் போய்விட்டவனால் அவர்களுக்கு என்ன லாபம்?

கனடாவில் படைவீரர் இலாகாவே கஞ்சாச் செலவைக் கொடுத்து வருகிறது. நாளுக்கு 10 கிராம் வரை கொடுத்ததை 2016-ல் 3 கிராமாகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் சிப்பாய் தன் கைக்காசைப் போட வேண்டும். அங்குள்ள படைவீரர் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு 2017-ல் ஓர் உத்தரவு வந்தது. கஞ்சா பற்றி நோயாளியோடு பேசலாம். புகைப்பதற்காக அவன் சலுகைகளைப் பறிக்கக்கூடாது. ஆனால் கஞ்சாவுக்குச் சீட்டு எழுதித் தரக்கூடாது. ஆகவே எந்த வகை, எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கு அவன் பெரும்பாலும் கடைப் பையனிடம்தான் பதில் பெறுகிறான். வைத்தியன் இருக்க வேண்டிய இடத்தில் வியாபாரி நிற்கிறான்.

சிப்பாய்களே காட்டிய வழி

வியட்நாமில் கஞ்சாவோடு ஹெராயினும் தண்ணீராய் ஓடியது. அங்கிருந்து 1971-ல் திரும்பியவர்களில் 100-க்கு 20 பேர் அதற்கு அடிமையாகியிருந்தார்கள். நாடு நடுங்கியது. சர்க்காருக்காக லீ ராபின்ஸ் என்ற அம்மையார் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், வீடு திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு 5 பேர்தான்! கொலைக்களம் மாறியது. ஊர், உறவு, வேலை எல்லாம் கிடைத்தன. பழக்கமும் பெரும்பாலோரை விட்டுப் போனது. ஹெராயின் வேறு, கஞ்சா வேறு என்பது நமக்குத் தெரியும். ஆனால் மனிதனின் பழக்கத்தை அவன் வாழும் நிலைமையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே தானாக நடக்கவில்லை. யுத்தத்தை எதிர்த்த வியட்நாம் சிப்பாய்கள் 1967-ல் சங்கம் அமைத்தார்கள். 1970-ல் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து தாங்கள் கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத் தொடங்கினார்கள். ராபர்ட் லிப்டன், ஷாட்டன் என்ற இரண்டு மனநோய் நிபுணர்கள் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் மாளிகை முன்பு தங்கள் பதக்கங்களை வீசி எறிந்தார்கள். இந்தக் கிளர்ச்சியின் பலனாக 1979-ல் சிப்பாய்களுக்கான ஆலோசனை நிலையங்கள் ஊர்களில் திறக்கப்பட்டன. 1980-ல் நோய்க்குப் பெயர் வந்தது. மருந்துக்கடையில் விற்காத மருந்து அது: ஒருவன் பாரத்தை இன்னொருவன் உட்கார்ந்து கேட்பது. தனித்தனியாகக் கோழைகள் என்று பெயர் வாங்கியவர்கள் ஒன்றுசேர்ந்து நோயாளிகள் என்ற நியாயத்தைப் பெற்றார்கள்.

நாம் சொல்வது

கஞ்சா இந்த நோயைக் குணப்படுத்தும் என்பதற்கு இன்றுவரை நிரூபணம் இல்லை. சிலருக்குச் சில இரவுகள் தூக்கம் தருகிறது. பதிலுக்கு வட்டி வாங்குகிறது. இதை மறைக்காமல் சிப்பாய்க்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். போலீஸ்காரனுக்கும் விற்பனைக்காரனுக்கும் அங்கே வேலை இல்லை. தூக்கத்துக்காகப் புகைத்தவனைச் சிறையில் போடாதே! போதை வேலையில் தெரிந்தால் அவனை வண்டியிலிருந்து இறக்கு; ஆனால் சம்பளத்தோடு சிகிச்சைக்கு அனுப்பு. குணமானதும் அதே வண்டியைத் திரும்பக் கொடு. கறுப்புச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டு ஆஸ்பத்திரிக் கதவைத் திற. ஆராய்ச்சிக்கு வழி விடு. முடிவு எப்படி வந்தாலும் ஜனங்களுக்குச் சொல்.

இவை கேட்கக் கூடாத கோரிக்கைகளா? ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டு யுத்தம் நடத்தப் பணம் கிடைத்தது. திரும்பி வந்தவன் மூன்று மாதம் வாராவாரம் ஒரு டாக்டர் முன்னால் உட்காருவதற்கு, கூலி இழக்காத ஒரு நாள் கிடைக்கவில்லை. அந்த ஒரு நாள் கிடைக்கும்வரை அவன் தெரு முனைக் கடையில் தூக்கத்தை விலைக்கு வாங்கிக்கொண்டுதான் இருப்பான்.